அறுபது கார்கள், ஓடியவை நான்கு: ஹைதராபாத் நிஜாம் விட்டுச் சென்ற பாடம்

நமது சிறப்பு நிருபர்

புதுதில்லி: இந்தியா கேட் அருகே, வெளிநாட்டுத் தலைவர்களும் பிரதமரும் சந்தித்துப் பேசும் இடமாக அமைந்திருப்பது ஹைதராபாத் மாளிகை. பேச்சுவார்த்தை நாள்களில் பளபளக்கும் கார் அணிவகுப்பு இதன் வாயிலில் வந்து நிற்கும். லட்யன்ஸ் வடிவமைத்த இம்மாளிகையை 1920களில் கட்டச் செய்தவர் ஹைதராபாத்தின் ஏழாவது, கடைசி நிஜாமான மீர் உஸ்மான் அலி கான். உலகிலேயே பெரும் செல்வந்தர் என்று 1937இல் அமெரிக்காவின் டைம் இதழ் அட்டையில் படம் வெளியிட்ட அந்த மன்னருக்கும் கார்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்த வாயிலுக்கும் போனதில்லை.

பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சேர்த்துப் பாதுகாப்பது குறித்து மத்திய அரசு தனி விதிகளே வகுத்துவிட்ட இக்காலத்தில், நிஜாமின் வாழ்க்கை திரும்பிப் பார்க்கத் தக்கது. உடைமை என்பது வேறு, பராமரிப்பு என்பது வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தந்தை வாங்கிய கார்: 1886 ஏப்ரல் 6ஆம் தேதி பிறந்த உஸ்மான் அலி கான், தந்தை மெஹபூப் அலி கான் மறைந்ததும் 1911 ஆகஸ்டில் தமது 25ஆவது வயதில் அரியணை ஏறினார். தந்தை மறைவதற்குச் சற்று முன்பு இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திடம் சில்வர் கோஸ்ட் ரகக் கார் ஒன்றைக் கேட்டிருந்தார். ஆறு சிலிண்டர்களும் ஏழு லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் கொண்ட எஞ்சின் பொருத்திய அந்தக் காருக்கு லண்டனின் பார்க்கர் பட்டறை உடற்கூடு அமைத்தது. மஞ்சள் வண்ணம்; பின்புறத்தில் அரியணைபோல் உயர்த்தப்பட்ட இருக்கை. கார் வந்து சேர்ந்தபோது கேட்டவர் உயிருடன் இல்லை. மகன் அதை விழாக்களுக்கு மட்டும் வெளியே எடுத்தார். பல பதிற்றாண்டுகளில் அது ஓடிய தொலைவு சில நூறு மைல்களே என்று சொல்லப்படுகிறது.

கேட்டால் மறுப்பவர் யார்?: சமஸ்தானத்தில் நிஜாமுக்கு நஜர் எனும் காணிக்கை செலுத்துவது நெடுங்கால வழக்கம். கார்கள் பெருகியதும் அந்த வழியில்தான் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். நகரில் நல்ல கார் ஒன்று கண்ணில் பட்டால், அதை அன்பளிப்பாகப் பெற்றுக்கொள்வதில் மன்னருக்கு மகிழ்ச்சி என்ற செய்தி உரிமையாளருக்குப் போகும். மறுக்கும் துணிவு எவருக்கு உண்டு? 1947க்குள் இப்படிச் சேர்ந்தவை நூற்றுக்கணக்கில் என்பது அவர்கள் தரும் கணக்கு. அவர் வசித்த கிங் கோட்டி அரண்மனையே பிரபு ஒருவரிடமிருந்து விரும்பிப் பெற்றதுதான்.

இத்தனை வாகனங்களுக்கு அதிபதியான அவரது சொந்த வாழ்க்கையோ சிக்கனத்துக்குப் பெயர் போனது. நைந்த தொப்பி, மலிவு விலை சிகரெட், எளிய உணவு. ஜேக்கப் வைரத்தைக் காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தார் என்ற செய்தி உலகறிந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களைக் குப்பை அள்ள விட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. அதே கதை ஆல்வார், பாட்டியாலா உள்ளிட்ட வேறு சமஸ்தானங்களின் மன்னர்கள் பெயராலும் சொல்லப்படுவதால் அதை நம்புவதற்கில்லை. குப்பை அள்ளவாவது ஓட்டியிருந்தால் அந்தக் கார்கள் பிழைத்திருக்கும் என்பதே உண்மை.

நிற்கும் காரே கெடும்: ஓடும் காரைவிட நிற்கும் கார் விரைவில் அழியும் என்பது பழைய வாகனங்களைப் பேணுவோர் அனைவரும் அறிந்தது. தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் குழாய்களை அடைக்கும். ஒரே இடத்தில் எடை தாங்கிய டயர் தட்டையாகி வெடிக்கும். பிரேக் இறுகும். எலிகள் மின்கம்பிகளைக் கடிக்கும். அக்காலக் கார்களின் உடற்கூட்டுக்கு மரச்சட்டமே ஆதாரம் என்பதால் கரையான் புகுந்தால் தகடு மட்டுமே மிஞ்சும். சக்கரங்கள் தரையில் படாமல் முட்டுக் கொடுத்து நிறுத்துவதும், தண்ணீரை வடிப்பதும், குறித்த இடைவெளியில் எஞ்சினை இயக்குவதும், தோல் இருக்கைக்கு எண்ணெய் இடுவதும் ஓயாத வேலை. அதைச் செய்யக் கைகள் இருந்தும், செய்விக்கும் கண் அரண்மனையில் இல்லை.

ஓடிய பேருந்துகள்: இதே மன்னரின் ஆட்சியில்தான் 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தோன்றியது. 1908ஆம் ஆண்டின் மூசி நதி வெள்ளத்துக்குப் பின் திட்டமிடப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டி முடிக்கப்பட்டன. 1932 ஜூனில் நிஜாம் அரசு ரயில்வேயின் ஒரு பிரிவாக 27 பேருந்துகளுடன் சாலைப் போக்குவரத்து தொடங்கப்பட்டது. பேருந்துச் சேவையை அரசே நடத்துவதில் நாட்டுக்கு அது முன்னோடி. பின்னர் ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகமாக வளர்ந்ததும் அதுவே. அப்பேருந்துகளின் பதிவெண்ணில் இடம்பெறும் இசட் எழுத்து நிஜாமின் தாயார் ஜெஹ்ரா பேகத்தின் நினைவாக வந்தது என்பர். மக்களை ஏற்றிய வண்டிகளுக்குப் பணிமனையும் தொழிலாளியும் கணக்கும் இருந்தன. அரண்மனைக் கொட்டிலில் இருந்தவற்றுக்குப் பூட்டு மட்டுமே இருந்தது.

மறுபுறம் தெலங்கானா கிராமங்களில் வெட்டி எனும் கூலியில்லா உழைப்பும் ஜாகீர்தார்களின் கொடுமையும் நிலவின. 1946இல் வெடித்த விவசாயிகள் போராட்டமும், ரஜாக்கர்களின் வன்முறையும், இந்தியாவுடன் சேர நிஜாம் காட்டிய தயக்கமும் 1948 செப்டம்பர் 13ஆம் தேதி ராணுவ நடவடிக்கையில் முடிந்தன. ஐந்தே நாள்களில் சமஸ்தானம் பணிந்தது. 1950 முதல் 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை அவர் ராஜபிரமுகராகப் பதவி வகித்தார். மன்னர் மானியமாக ஆண்டுக்கு 42 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அவருக்கு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. எந்தச் சமஸ்தானத்துக்கும் அவ்வளவு தொகை இல்லை.

பேரன் கண்ட காட்சி: 1967 பிப்ரவரி 24ஆம் தேதி தமது 80ஆவது வயதில் நிஜாம் காலமானார். மகனை விடுத்துப் பேரன் முக்கரம் ஜாவை வாரிசாக அவர் அறிவித்திருந்தார். இயந்திரங்களில் தணியாத ஆர்வம் கொண்ட பேரன் கொட்டிலைத் திறந்தபோது கண்டதை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். சுமார் அறுபது கார்களில் ஓடும் நிலையில் இருந்தவை நான்கு மட்டுமே. ஆனால் பெட்ரோலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஆண்டுதோறும் பெருந்தொகை எழுதப்பட்டு வந்தது. பணியாளர் பட்டியலில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஓடாத காருக்குச் செலவான பெட்ரோல் எங்கே போனது என்று கேட்பாரில்லை.

நாடாளுமன்றம் வைத்த முற்றுப்புள்ளி: காங்கிரஸ் பிளவுபட்டு, தி.மு.க., இந்திய கம்யூனிஸ்ட் ஆதரவுடன் இந்திரா காந்தி அரசு நடந்த காலம் அது. மன்னர் மானியத்தை ஒழிக்கும் மசோதாவுக்கு 1970 செப்டம்பரில் மாநிலங்களவையில் ஆதரவாக 149 வாக்குகளும் எதிராக 75 வாக்குகளும் கிடைத்தன. மூன்றில் இரு பங்குக்கு ஒரு வாக்கிலும் குறைவாகவே பற்றாக்குறை ஏற்பட்டு மசோதா தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் செல்லாததாக்கியது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற பின், டிசம்பரில் 26ஆவது திருத்தம் நிறைவேறியது. மானியத்துடன், கார்களில் சிவப்பு எண் பலகை மாட்டிக்கொள்ளும் சலுகையும் போயிற்று.

வருவாய் நின்றதும் அரண்மனைகளின் கார்கள் நாடெங்கும் வந்த விலைக்கு விற்கப்பட்டன. பல, கடல் கடந்தன. பல, இரும்புக் கடைக்குப் போயின. பழம்பெரும் கார்கள் வெளிநாடு செல்வதற்கு அரசு பின்னர் கட்டுப்பாடு விதித்தது. தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் நடத்திவந்த பழைய கார் பேரணி, எஞ்சியவற்றைத் தேடிச் சீரமைக்கும் ஆர்வத்தை வளர்த்தது. அப்படி மீட்டவர்கள் பெரும்பாலும் மன்னர்கள் அல்லர்; தொழிலதிபர்களும், மெக்கானிக்குகளும், நடுத்தர வர்க்கத்தினரும் ஆவர்.

இன்றைய விதிகள்: 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. அதன்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பழம்பெரும் வாகனங்கள் ஆகும். பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய்; பத்தாண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய். காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பேரணி ஆகியவற்றுக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அனுமதி இல்லை. காரைச் சீராக வைத்திருக்க வேண்டுமானால் அவ்வப்போது ஓட்டியாக வேண்டும் என்பதை விதிகள் ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளன.

தந்தை கேட்டு, மகன் நிறுத்தி வைத்த அந்த மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் தப்பித்தது. முக்கரம் ஜாவின் முன்னாள் மனைவி எஸ்ராவின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, 2005இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சௌமஹல்லா அரண்மனையில் அதைக் காணலாம். நிஜாமின் நகைகளில் 173ஐ மத்திய அரசு 1995இல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கிக் காத்தது. லண்டன் வங்கியில் 1948இல் போடப்பட்ட பத்து லட்சம் பவுண்டுக்கான வழக்கு 2019இல் இந்தியாவுக்கும் வாரிசுகளுக்கும் சாதகமாக முடிந்தது. நகைக்கும் பணத்துக்கும் பாதுகாப்பாளர்கள் இருந்தனர். கார்களுக்கு இல்லை. வைரம் பெட்டியில் கிடந்தாலும் வைரமே. கார் அப்படி அல்ல.