ஆமென் சொல்லாத மனைவி

மெதடிஸ்தப் பாடசாலையிற் படித்தவர்களுக்கு ஜோன் வெஸ்லியின் பெயர் காலை ஆராதனையோடு மனதிற் பதிந்த பெயர். அவருடைய தம்பி சாள்ஸின் கீதங்களை நத்தார்க் காலத்தில் அர்த்தம் தெரியாத வயதிலேயே பாடியிருக்கிறோம். அவர்களுடைய தாயார் சூசன்னா அம்மையாரைப் பற்றி மட்டும் அதிகம் கேட்டதில்லை. கேட்டபோதெல்லாம் அது ஒரே கதைதான்: பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார், வறுமையைச் சகித்தார், கணவருக்கு அடங்கி நடந்தார். திருமணப் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்ல வசதியான கதை. வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் அடக்கம் அவ்வளவு சுலபமாக வந்த பெண்ணாக அவர் தெரியவில்லை. ஆகையாற்றான் எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

சூசன்னா 1669 தை மாதம் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் கலாநிதி சாமுவேல் அனெஸ்லி, அரசின் திருச்சபைக்கு உட்பட மறுத்ததால் 1662இல் தம் ஆலயத்தை இழந்த குருவானவர். அவருடைய இருபத்தைந்தாவது பிள்ளை சூசன்னா. அந்த வீட்டிற்கு வேதசாத்திரிகள் வருவதும் விவாதிப்பதும் வழக்கம். மூலையில் இருந்து கேட்ட சிறுமி, இரு பக்க நியாயங்களையும் தானே நிறுத்துப் பார்த்து, பதின்மூன்று வயதாகும்போது தந்தையின் சபையை விட்டு, அவரை வெளியேற்றிய அதே இங்கிலாந்துத் திருச்சபையிற் சேர்ந்துகொண்டார். தந்தை அவரை வெறுக்கவில்லை. அது அந்த மனிதருடைய பெருந்தன்மை. தாமே சிந்தித்துக் கண்ட முடிவை எவருக்காகவும் மாற்றாத குணம் மகளிடம் அப்போதே வேரூன்றிவிட்டது. அதை மனச்சாட்சி என்றும் சொல்லலாம், பெருமை என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பதுண்டு.

1688இல், பத்தொன்பதாம் வயதில், சாமுவேல் வெஸ்லியை மணந்தார். அவரும் மாற்றுச்சபைக் குடும்பத்திற் பிறந்து இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறியவர். கவிஞர், நல்ல படிப்பாளி. காசு கையில் நில்லாது. யோபுவின் புத்தகத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு பெருநூல் எழுதுவதிலே பல ஆண்டுகள் கழித்தார். லிங்கன்ஷியரின் சதுப்பு நிலத்தில் எப்வேத் என்னும் ஊருக்குக் குருவாக வந்தார்கள். சனங்கள் முரடர், அரசியலில் குருவானவர் பக்கம் சாய்ந்ததை அவர்கள் மன்னிக்கவில்லை. பிறந்த பத்தொன்பது பிள்ளைகளில் ஒன்பது குழந்தைப் பருவத்திலே இறந்தன.

இனி அந்த ஆமென். அந்நாளில் இங்கிலாந்தை ஆண்டவர் மூன்றாம் வில்லியம். ஒல்லாந்திலிருந்து வந்து, முன்னிருந்த யேம்ஸ் மன்னர் ஓடிப்போன பின்னர் அரசுகட்டில் ஏறியவர். சாமுவேல் அவரை அரசராக ஏற்றுக்கொண்டார், சூசன்னா ஏற்கவில்லை. அபிஷேகம் பெற்ற அரசரை விலக்கி வேறொருவரை அரசர் என்பது அவருக்குப் பொய்யாகப்பட்டது. இதைப் பற்றி அவர் வீட்டில் வாதாடவில்லை. குடும்ப ஜெபத்தில் அரசருக்காக வேண்டும்போது வாயைத் திறவாமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். அதைக் கணவர் ஒருநாள் கவனித்துக் காரணம் கேட்டார். மறைக்காமற் சொன்னார். இரண்டு அரசர் உள்ள வீட்டில் இரண்டு படுக்கையும் வேண்டும் என்ற கருத்துப்படச் சொல்லி, மனைவி மன்னிப்புக் கேட்கும்வரை அவரோடு சேர்ந்து வாழ்வதில்லை என்று சாமுவேல் சத்தியம் செய்தார். பின்பு மனைவி பிள்ளைகளை விட்டு இலண்டனுக்குப் போனார். இது நடந்தது 1701இன் முடிவிலும் 1702இலும்.

சூசன்னா அப்போது எழுதிய கடிதங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேதான் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் இரண்டு சூசன்னாக்களைக் காண்கிறோம். ஒருத்தி கலங்கியிருக்கிறாள், கணவரில்லாத வீடு, கையில் சிறுபிள்ளைகள், ஊர்வாய். மற்றவள் அசையவில்லை. தான் பிழைசெய்ததாகத் தகுதியுள்ளோர் தீர்ப்புச் சொன்னால் மன்னிப்புக் கேட்க ஆயத்தம் என்கிறார். பாவம் என்று தான் நினைக்காத ஒன்றிற்கு மன்னிப்புக் கேட்டால் அது கடவுளைக் கேலி செய்வதாகும் என்றும் எழுதுகிறார். புதிய அரசருக்குச் சத்தியம் செய்ய மறுத்திருந்த ஜோர்ஜ் ஹிக்ஸ் என்ற பெரிய குருவிடம் ஆலோசனை கேட்டார். மனச்சாட்சிக்கு விரோதமாகப் பணியவேண்டாம், திருமணத்திற் கொடுத்த வாக்கை மீறிச் செய்த சத்தியம் கணவரைக் கட்டாது என்பதே அவருடைய பதிலின் சாரம்.

1702 பங்குனியில் வில்லியம் இறந்தார். அடுத்து வந்த ஆன் அரசியை இருவரும் ஏற்றுக்கொண்டனர். வாதப்பொருளே போய்விட்டது, ஆனாலும் பிணக்கு உடனே தீரவில்லை. ரோசம் என்பது காரணம் போன பின்பும் சில காலம் குடியிருக்கும், குடும்பம் நடத்தியவர்களுக்கு இது தெரியும். அந்தக் கோடையில் குருமனையில் தீப்பற்றிப் பெரும்பகுதி எரிந்தது. சாமுவேல் வீட்டிலே தங்கிவிட்டார். அடுத்த ஆண்டு யூன் 17இல் ஜோன் பிறந்தார்.

இதில் யார் பணிந்தது? சூசன்னா மன்னிப்புக் கேட்டதாகச் சான்றில்லை. சாமுவேலின் சத்தியம்தான் மெல்லக் கரைந்துபோயிற்று. ஆனால் திரும்பி வந்தவரை அவர் ஏற்றுக்கொண்டார். வெற்றி பெற்றவளாக நடக்கவில்லை. இதற்குப் பின்வந்த ஆண்டுகளிலேதான் அவருடைய தாழ்மையைத் தேடவேண்டும்.

1705இல் சுமார் முப்பது பவுண் கடனுக்காகச் சாமுவேலை லிங்கன் கோட்டையில் மறியலில் வைத்தார்கள். வீட்டில் பணமில்லை. சூசன்னா தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். சாமுவேல் அவற்றைத் திருப்பியனுப்பிவிட்டார். யோர்க் அதிமேற்றிராணியார் ஷார்ப் வந்து, அப்பத்துக்கே குறையிருந்ததா என்று விசாரித்தார். அப்பம் இல்லாமற்போனதில்லை, ஆனால் அதைத் தேடும்போதும் தின்றபின் அதற்குக் காசு கொடுக்கும்போதும் பட்டபாட்டில் அதன் ருசியே கெட்டுப்போயிற்று என்று அவர் பதிலளித்தார். கணவரைக் குற்றஞ்சாட்ட இதைவிட நல்ல சமயம் கிடைத்திராது. அவர் குற்றஞ்சாட்டவில்லை. பிற்காலத்தில் இந்தியாவில் கம்பனி உத்தியோகம் பார்த்த தமையனார் சாமுவேலின் கையாலாகாத்தனத்தைக் குறைசொல்லி எழுதியபோது, உலக காரியங்களுக்கு அவர் பொருந்தாதவர் என்பதை ஒப்புக்கொண்டு, அவருடைய கல்வியையும் நேர்மையையும் எடுத்துச் சொல்லி நீண்ட பதில் எழுதினார். தாமும் கணவரும் ஒரேவிதமாக நினைப்பது அபூர்வம் என்று மகன் ஜோனுக்கு எழுதியதும் இதே சூசன்னாதான்.

1709 பெப்ரவரி 9ஆம் திகதி இரவு குருமனை முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. நிறைமாதக் கர்ப்பிணியான அவர் கையும் முகமும் கருக நெருப்பினூடாக வெளியே வந்தார். ஐந்து வயது ஜோனை, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி யன்னல் வழியாக இறக்கினார்கள். சூசன்னாவின் எழுத்துக்களும் எரிந்துபோயின. வீடு திரும்பக் கட்டும்வரை பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் வளர்ந்து, பேச்சும் பழக்கமும் கெட்டுத் திரும்பி வந்தார்கள். செங்கல்லாற் கட்டிய அந்தப் புதிய குருமனை இன்றும் நிற்கிறது.

அவர் நடத்திய வீட்டுப் பாடசாலை எப்வேத்தின் புகழ். ஐந்தாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அரிவரி தொடங்கும். ஒரே நாளில் எழுத்து முழுவதும் படிக்கவேண்டும். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒன்றரை நாள் எடுத்ததாம். அவர்களை மந்தம் என்று நினைத்துவிட்டார், பாவம்! காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மாலை இரண்டு முதல் ஐந்து. பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் முறிக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிரம்புக்குப் பயந்து மெதுவாக அழவும் குழந்தைக்குப் பழக்கினார். பெற்றோராகிய நாம் இன்று இதை ஏற்கமாட்டோம்; ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொன்ன பிள்ளைக்கு அடி இல்லை என்பதும் அதே வீட்டின் சட்டம். இன்னொரு சட்டம் உண்டு: நன்றாக வாசிக்கப் பழகும்வரை எந்தப் பெண்பிள்ளைக்கும் தையல்வேலை பழக்கலாகாது. பெண்ணுக்கு ஊசி போதும் என்றிருந்த காலத்தில் இது சிறிய சட்டமல்ல.

தமிழராகிய எமக்கு உவப்பான ஒரு செய்தி. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் முதலிய டேனிஷ் மிஷனரிமாரின் வரலாறு ஒரு புத்தகமாக எப்வேத்துக்கு வந்துசேர்ந்தது. மகள் எமிலியா அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டினார். சூசன்னாவை அது பலநாள் விடவில்லை. தாம் ஆணல்ல, குருவுமல்ல. ஆயினும் இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று எண்ணினார். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியே பேச நேரம் ஒதுக்கினார். வியாழன் ஜோனுக்கு, சனி சாள்ஸுக்கு. தமிழ்க் கடற்கரையில் நடந்த ஊழியத்தின் கதை இவ்வாறு ஒரு ஆங்கிலத் தாயைத் தொட்டது. நூறாண்டு கழித்து, 1814இல், அந்தப் பிள்ளைகளின் வழிவந்த மிஷனரிமார் காலியில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சாமுவேல் இலண்டனில் இருந்தார். ஞாயிறு மாலையில் சூசன்னா பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபமும் பிரசங்கமும் வாசிப்பார். வேலையாள் தன் பெற்றோரைக் கூட்டிவந்தான், அயலவர் வந்தனர், கடைசியில் இருநூறு பேர்வரை நெருக்கியடித்துக் கூடினர். உதவிக்குரு இன்மனுக்குப் பொறுக்கவில்லை, முறைப்பாடு எழுதினார். பெண் செய்வது நன்றாயில்லை, வேறு யாரையாவது வாசிக்கச் செய்யலாமே என்று கணவர் எழுதினார். எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கக்கூடிய ஆண் இங்கே ஒருவருமில்லை என்று அவர் பதில் எழுதினார். பின்னர் சொன்னதுதான் முக்கியம். நிறுத்தவேண்டுமானால், உமது விருப்பம் என்று எழுதவேண்டாம். தெளிவான கட்டளையாக எழுதும், அப்போது நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஆத்துமாக்களைப் பற்றிய கணக்கு என்னுடையதாகாது என்றார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் வாயை மூடிக்கொண்ட பெண் இவர். இப்போது கீழ்ப்படிய ஆயத்தமாயிருக்கிறார். ஆனால் கட்டளையிடுபவரே அதன் பாரத்தையும் சுமக்கவேண்டும் என்கிறார். சாமுவேல் அந்தக் கட்டளையை எழுதவில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்ததென்று சொல்லமுடியாது. எட்டு வயதில் கிரேக்கம் படித்த ஹெற்றி, பிள்ளைகளிலே மிகுந்த கெட்டிக்காரி, கவிஞர். 1725இல் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போய் ஏமாந்து திரும்பினார். அவசரமாக, ஈயவேலை செய்யும் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். தந்தை சாகும்வரை மன்னிக்கவில்லை. அடுத்த ஆண்டு இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கித்துச் சகோதரிக்காகப் பேசியவர் ஜோன். அப்படிப்பட்ட வீட்டில் பணிவைப் பற்றிய போதனைக்குக் குறைவில்லை. ஆனால் விழுந்த பிள்ளையிடம் குனியத் தெரியவில்லை. இதைச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தைப் புகழ எனக்கு மனமில்லை.

1735இல் சாமுவேல் இறந்தார். கடன் மிஞ்சியது. சொந்த வீடில்லாத விதவையாக ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் மாறிமாறி இருந்தார். ஒரு வீட்டையும் ஒரு பாடசாலையையும் ஆண்ட பெண்ணுக்கு அது இலகுவாயிராது. கடைசியில் இலண்டனில் ஜோன் வாங்கிய பழைய பீரங்கி வார்ப்பாலையில் வந்து தங்கினார். அங்கே மாக்ஸ்பீல்ட் என்ற பட்டம்பெறாத இளைஞர் பிரசங்கிப்பதாகக் கேள்விப்பட்டு ஜோன் கோபத்தோடு ஓடிவந்தார். அந்த இளைஞரும் உன்னைப் போலவே அழைக்கப்பட்டவர், முதலில் கேட்டுப்பார் என்று தாய் தடுத்தார். மகன் கேட்டார், மனம் மாறினார். மெதடிஸ்த சபைகளில் குருப்பட்டமில்லாதோர் பிரசங்கிக்கும் வழக்கம் ஊன்றியதில் இதற்குப் பங்குண்டு.

1739இல், எழுபதாம் வயதில், மருமகன் கையிலிருந்து திருவிருந்துக் கிண்ணத்தை வாங்கும்போது தமது பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் தமக்கு உண்டானதாக ஜோனிடம் சொன்னார். அப்படியொன்றைத் தமக்கென்று கேட்க அதுவரை துணியவில்லை என்றார். கடமையில் ஒரு நாளும் தவறாதவருக்கு, கடமையால் வாங்கமுடியாத ஒன்றை வெறுங்கையால் வாங்க இவ்வளவு காலம் சென்றது. 1702இல் கணவர் கேட்ட மன்னிப்பைவிட இது கடினமானது என்றே நினைக்கிறேன். மகன் சாள்ஸ் கல்லறைக்கு எழுதிய வரிகள் அதற்கு முந்திய எழுபது ஆண்டுகளையும் இருளாகவே காட்டின. அது மகனுடைய அவசரம். தரங்கம்பாடிக் கதை கேட்டுத் தூக்கமிழந்த பெண் இருளில் இருக்கவில்லை.

1742 யூலையில், எழுபத்துமூன்றாம் வயதில், ஜோனும் ஐந்து புதல்விகளும் சூழ்ந்திருக்க இறந்தார். உயிர் பிரிந்ததும் துதியின் சங்கீதமொன்றைப் பாடும்படி பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். கட்டிலைச் சுற்றி நின்று அவர்கள் அதைப் பாடினார்கள்.