தன் முகத்தையே திருத்திய தாகூர்

இரவீந்திரநாத் தாகூர் என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் எழுவது நரைத்த நீள்தாடியும் நெடிய அங்கியும் கனிந்த விழிகளும் கொண்ட ஒரு முனிவர் திருவுருவம். அவ்வுருவம் உலகம் அவருக்கு அளித்தது. அவர் தம் கையால் தீட்டிக்கொண்ட முகமோ வேறு.

1861 மே 7 அன்று கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்தவர் தாகூர். 1902 முதல் 1907 வரையிலான காலத்தில் மனைவி, மகள், தந்தை, இளைய மகன் என நால்வரை அடுத்தடுத்து இழந்தார். 1913இல் நோபல் பரிசு வந்தது. அடுத்த ஆண்டே பெரும்போரில் வீழ்ந்த ஐரோப்பா, அவரிடம் கீழ்த்திசை ஞானியைக் கண்டு ஆறுதல் தேடியது. தாய்நாடு குருதேவர் என வணங்கியது. 1919இன் தொடக்கத்தில் தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தில் அவர் திருச்சிராப்பள்ளிக்கு வருவதற்கு முன்பே அப்புகழுரு காவிரிக்கரையை எட்டியிருந்தது. அவ்வாண்டே ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து 'சர்' பட்டத்தைத் துறந்தார். ஆங்கில அரசு அளித்த பட்டத்தைத் துறக்க ஒரு கடிதம் போதுமானதாயிற்று. அன்பர்கள் அளித்த முகத்தைத் துறப்பது அத்துணை எளிதன்று.

அதற்கான வழி கவிதைத் தாளிலேயே பிறந்தது. 1924இல் ஆர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது 'பூரவி' கைப்பிரதியில் அடித்த சொற்களை அவர் கோடுகளால் இணைத்தார். அவை பறவைகளாகவும் பெயரறியா விலங்குகளாகவும் உருக்கொண்டன. 1928 முதல், அறுபத்தேழாம் அகவையில், முழு ஓவியராகவே மாறினார். மையும் கந்தல் துணியும் விரல்நுனியும் அவருக்குக் கருவிகளாயின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் பிறந்தன.

அக்கால வங்கம் விரும்பிய ஓவியம் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் அவனீந்திரநாதர் வளர்த்த மென்வண்ணப் புராணக் காட்சிகளே. இரவீந்திரரோ அவ்வழி செல்லவில்லை. நொறுங்கிய சமுதாயத்தின் அச்சத்தை முகங்களைச் சிதைத்துக் காட்டிய ஜெர்மானிய 'எக்ஸ்பிரஷனிச' ஓவியர்களுக்கே அவர் கோடுகள் உறவாயின. 1921இல் அந்நாட்டுக்குச் சென்றவர் அவர். காண்டின்ஸ்கி, கிளே முதலியோரின் படங்கள் 1922இல் கல்கத்தாவிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

1930இல் அவருடைய முதல் கண்காட்சி பாரிசில் நடந்தது. பெர்லினும் மாஸ்கோவும் தொடர்ந்தன. தாய்நாட்டில் வியப்பும் குழப்பமும் கலந்திருந்தன. 1930களின் நடுவில் அச்சிட்ட தம் உருவப்படங்களையே எடுத்து, அவற்றின்மேல் மையும் வண்ணமும் பூசினார். முனிவரின் அமைதி மறைந்தது. கலங்கிய, தனித்த, தன்னையே ஐயுறும் ஒரு மனிதர் அங்கிருந்து நோக்கினார்.

பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்கு அவர் வழங்கிய ஐந்து ஓவியங்களை, சீரழிந்த கலை என முத்திரையிட்டு நாஜி அரசு 1937இல் அகற்றியது. ஞானியென்று போற்றிய அதே நாடு அவரது உள்முகத்தைக் காணப் பொறுக்கவில்லை. 1941 ஆகஸ்டு 7 அன்று, தாம் பிறந்த இல்லத்திலேயே அவர் மறைந்தார்.

சொல்லை அடிப்பதில் தொடங்கிய அவர் தூரிகை, தம் முகத்தை அடித்துத் திருத்துவதில் முதிர்ந்தது. தன் வரியைத் திருத்தாத கவிஞர் இல்லை. புகழ் எழுதிவைத்த தன் உருவத்தைத் திருத்தத் துணிந்தவர் அரியர். அவ்வரியருள் தாகூரும் ஒருவர்.