காங்கிரஸைத் தொடங்கியவர் உலகுக்குச் சொன்ன குருவி: யார் இந்த ஏ.ஓ.ஹியூம்?

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், மாதனூர் பக்கம் பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கினால் சட்டென்று கண்ணில் படும். கூட்டைக் கண்டுபிடிப்பது ஈஸி. குருவியை அடையாளம் சொல்வதுதான் கஷ்டம். கூடு கட்டும் பருவத்தில் ஆணின் தலை மஞ்சளாக இருக்கும். மற்ற மாதங்களில் ஆண், பெண் ரெண்டுமே பார்க்க அப்படியே சிட்டுக்குருவி மாதிரிதான்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை, விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. அதைத் தீர்க்க வாழ்க்கையில் பாதியைக் கொடுத்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், பள்ளிப் பாடத்தில் காங்கிரஸைத் தொடங்கியவர் என்று படித்தோமே, அதே ஹியூம்தான்.

அலகை வைத்துச் சொந்தம் சொல்ல முடியுமா?

தூக்கணாங்குருவிக்கு 1766-ல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ். தடித்த அலகுள்ள, விதை தின்னும் பல குருவிகளோடு சேர்த்து இதையும் 'லோக்சியா' என்ற ஒரே பேரினத்தில் போட்டார். கூடவே 'பிலிப்பினா' என்றும் பெயர் சூட்டினார். ஆனால், பிலிப்பைன்ஸ் இந்தக் குருவியின் தாயகமே இல்லை!

கடினமான விதையை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அதனால் சொந்தமே இல்லாத குடும்பங்களிலும் இந்த அலகு தனித்தனியாக உருவாகியிருக்கிறது. இன்று தூக்கணாங்குருவி ஒரு குடும்பம், சிட்டுக்குருவி இன்னொரு குடும்பம், தினைக்குருவி வேறொரு குடும்பம். அலகு சொல்வது சாப்பாட்டைப் பற்றித்தான், சொந்தத்தைப் பற்றி இல்லை. இதை உறுதி செய்ய டி.என்.ஏ. ஆய்வு வரவேண்டியிருந்தது. ஹியூம் காலத்தில் அது கிடையாது. ஒரே வழி, நிறைய மாதிரிகளைச் சேகரித்து அருகருகே வைத்து ஒப்பிடுவது.

வேலை சுங்கத்தில், மனசு பறவையில்

1829-ல் பிறந்த ஹியூம், 1849-ல் இந்தியா வந்து அரசுப் பணியில் சேர்ந்தார். எட்டாவா மாவட்டத்தில் இலவசப் பள்ளிகள் திறந்தார். 1867-ல் உள்நாட்டுச் சுங்க ஆணையர் ஆனார். உப்புக் கடத்தலைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே போடப்பட்டிருந்த நீண்ட முள்வேலி அவர் பொறுப்பில் வந்தது. வேலைக்காகப் போன இடமெல்லாம் பறவைகளையும் சேகரித்தார்.

நைனிடால் அருகே காலாதுங்கியில் கிடைத்த ஒரு குருவி மற்ற தூக்கணாங்குருவிகளிலிருந்து மாறுபட்டிருந்தது. அலகு பெரியது. 1869-ல் அதைப் புது இனம் என்று அறிவித்து, 'மெகாரிங்கஸ்' என்று பெயர் வைத்தார். பெரிய அலகு என்பதே அதன் பொருள்.

1872-ல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். நாடு முழுக்க இருந்த பறவை ஆர்வலர்கள் அதில் எழுதினார்கள். சிம்லாவில் அவருடைய ராத்னி காசில் வீடு ஒரு அருங்காட்சியகமாகவே மாறியது.

பழைய பேப்பருக்குப் போன உழைப்பு

அரசை வெளிப்படையாக விமர்சித்ததால் 1879-ல் செயலர் பதவி பறிபோனது. 1882-ல் ஓய்வு பெற்றார். இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதுவதே அவர் கனவு. அதற்காகப் பல ஆண்டுகள் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வேலையாள் ஒருவர் பழைய பேப்பர் விலைக்கு விற்றுவிட்டார். பேக்கப் எடுத்துவைக்கும் காலமா அது? போனது போனதுதான்.

ஹியூம் அந்த நூலை எழுதவே இல்லை. 1885-ல் சுமார் 82,000 மாதிரிகளை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 28-ல் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம்ம ஊர் ஜி.சுப்பிரமணிய ஐயர். ஹியூம் 1894-ல் இங்கிலாந்து திரும்பி, அங்கே தாவரங்கள் பக்கம் போனார். 1912 ஜூலை 31-ல் காலமானார்.

பெயர் வேறொருவருக்கு

ஹியூம் அறிவித்த அந்தக் குருவியைப் பிறகு கல்கத்தா அருகே மறுபடி கண்டறிந்தவர் ஃபிராங்க் ஃபின். இன்று அது 'ஃபின் தூக்கணாங்குருவி' என்றே அழைக்கப்படுகிறது. அறிவியல் பெயருக்குப் பின்னால் மட்டும் 'ஹியூம், 1869' என்று இருக்கும்.

தராய்ப் புல்வெளிகள் வயலாகவும் கட்டடமாகவும் மாறியதில் அந்தக் குருவி இப்போது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. உலகத்திலேயே இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும்தான் அது உண்டு. அடுத்த முறை பாலாற்றங்கரையில் தூக்கணாங்குருவியைப் பார்த்தால், பெரிய அலகோடு வடக்கே தவிக்கும் அதன் உறவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொந்தம் நிஜம்தான். ரெண்டும் ஒரே பேரினம்.