சிறுவரோடு வாங்கில் அமர்ந்த போர்வீரர்

புனித இஞ்ஞாசியாரை யேசு சபையின் தந்தையாகவும், பெரும் ஞானியாகவும் நாம் அறிவோம். ஆயின் அன்னார் தமது 33ஆம் வயதில் எழுத்துப் பாடம் தொடங்கி, பதினொரு ஆண்டுகள் மாணவராய் இருந்து பட்ட பாட்டை நம்மிற் பலர் அறியோம். இடைவயதில் புதிய தொழிலுக்கோ, புதிய அழைப்புக்கோ தம்மை ஆயத்தம் செய்யும் எவருக்கும் அக்காலம் நல்ல பாடமாகும்.

இஞ்ஞாசியார் 1491ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள லொயோலா மாளிகையிற் பிறந்தார். இளம் பருவத்தில் அரச பொருளாளர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்து, அரசவை நாகரிகத்தையும் வாள் வீச்சையும் கற்றார். வீரப் புகழே அவரது கனவாக இருந்தது. 1521 மே 20ஆம் நாள், பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படையினர் தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று அவரது வலது காலை முறித்து இடது காலையும் காயப்படுத்தியது. முறிந்த எலும்பு கோணலாய்ப் பொருந்தவே, மீண்டும் அதனை முறித்து வைத்தனர். காலணிக்கு இடைஞ்சலாய்த் துருத்தி நின்ற எலும்பையும் அறுத்துவிடச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அழகுக்காக அவ்வேதனையைத் தாங்கினார் என்றால், அவரது மனவுறுதியையும் வீண்பெருமையையும் ஒருங்கே காணலாம்.

நோய்ப்படுக்கையில் வாசிப்பதற்குக் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே கிடைத்தன. அவற்றை வாசிக்கையில் தம் உள்ளத்தைத் தாமே உற்று நோக்கலானார். உலகப் புகழைப் பற்றிய எண்ணங்கள் இனித்துப் பின் வெறுமையைத் தந்தன. புனிதரைப் பின்பற்றும் எண்ணங்களோ நீங்கிய பின்னும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றன. உள்ளத்தின் அசைவுகளைப் பகுத்தறியும் இப்பழக்கமே பின்னர் அவரது பெரும் படைக்கலம் ஆயிற்று.

1522இல் மொன்செராற் மலையில் தேவதாயின் பீடத்தில் வாளைக் காணிக்கையாக்கி, மன்றேசா என்னும் ஊரில் கடுந்தவம் செய்தார். 1523இல் ஜெருசலேம் சென்று அங்கேயே வாழ விரும்பினார். புனித பூமிக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபையார் இசையவில்லை. திரும்பி வந்தவர், ஆன்மாக்களுக்கு உதவவேண்டுமாயின் கல்வி வேண்டும் என்று முடிவு செய்தார்.

1524இல் பார்சலோனாவில் அர்தேவோல் என்னும் ஆசிரியர் அவருக்கு ஊதியமின்றி இலத்தீன் கற்பிக்க முன்வந்தார். நொண்டும் காலுடன் வந்த போர்வீரர், சிறுவர் படிக்கும் அரிச்சுவடிப் பாடத்தைத் தொடங்கினார். வாளேந்திய கைக்கு இலக்கணம் எளிதில் வசப்படவில்லை. வினைச்சொற்களை மனனம் செய்ய அமர்ந்தவுடன் பக்திச் சிந்தனைகளும் ஞான ஒளிகளும் வெள்ளமாய் வந்தன. பாடம் மனதில் நிற்கவில்லை. வேறொருவராயின் இதனைத் தேவ வரமென்றே எண்ணி மகிழ்ந்திருப்பார். இஞ்ஞாசியார் தம் பழக்கப்படி ஆராய்ந்தார். செபத்திலும் திருப்பலியிலும் வராத இவ்வினிமை பாடவேளையில் மட்டும் வருவானேன்? இது சோதனையே எனத் தெளிந்தார். கடல்மாதா கோயிலுக்கு அருகே ஆசிரியரைச் சந்தித்து, நடந்ததை ஒளியாமற் சொல்லி, உண்ண அப்பமும் பருகத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகள் பாடம் தவறுவதில்லை என வாக்களித்தார். அதன்பின் அத்தொல்லை அகன்றது.

ஆயினும் ஆர்வம் அவரை மற்றொரு குழியில் வீழ்த்தியது. 1526இல் அல்காலா பல்கலைக்கழகத்தை அடைந்து, தருக்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் ஆகிய மூன்றையும் ஒரே வேளையிற் கற்கப் புகுந்தார். எதிலும் அடித்தளம் அமையவில்லை. படிப்பு முடியுமுன் ஆன்மீகம் போதித்தமையால் அங்கே 42 நாட்களும், 1527இல் சலமன்காவில் 22 நாட்களும் சிறையிருந்தார். அவரிடம் குற்றம் காணாத நீதிபதிகள், கற்ற பின்னரே போதிக்கலாம் என வரம்பு விதித்தனர்.

1528 பெப்ரவரியில் பாரிஸ் நகரை அடைந்தார். அப்போது வயது 37 அளவில். அவசரப் படிப்பின் குறையை உணர்ந்து, மொந்தேகு கல்லூரியில் சிறுவரோடு மறுபடியும் இலத்தீன் வகுப்பில் அமர்ந்தார். தம்மிடமிருந்த பணத்தைச் சக மாணவர் ஒருவரிடம் நம்பிக் கொடுக்க, அவர் அதனைச் செலவழித்துவிட்டார். இஞ்ஞாசியார் தொலைவிலிருந்த ஏழைகள் விடுதியில் தங்கிப் பிச்சையெடுக்க நேர்ந்தது. விடுதிக் கதவு விடிந்த பின் திறந்து மாலைக்கு முன் மூடியதால் பாடங்களை இழந்தார். பின்னர் ஆண்டுதோறும் பிளாண்டர்ஸ் சென்று, ஸ்பானிய வணிகரிடம் ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைக் கேட்டுப் பெற்று, எஞ்சிய மாதங்களைப் படிப்புக்கு ஒதுக்கினார். தம் பணத்தை அழித்த அம்மாணவர் றுவான் நகரில் நோயுற்றார் எனக் கேட்டதும், கால்நடையாய் அங்கு சென்று அவருக்கு உதவினார்.

1529இல் சாந்த் பார்ப் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே ஓர் அறையிலிருந்த இளைஞர்கள் பீற்றர் பேபரும், பின்னாளில் மன்னார் மக்களுக்கு ஒரு குருவை அனுப்பிவைத்த நமது பிரான்சிஸ் சவேரியாரும். தம்மிலும் பதினைந்து வயது இளையவரான பேபரிடம் அவர் தத்துவப் பாடம் கேட்டுப் படித்தார். பேபர் மனக்கலக்கத்தில் வருந்தியபோது அவரே பேபருக்கு வழிகாட்டினார். பழைய பக்திச் சோதனை இங்கும் தலைதூக்க, பழைய மருந்தையே நாடி ஆசிரியருக்கு வாக்களித்தார். 1535இல், கடும் வயிற்று நோயின் நடுவே, கலைத்துறை முதுமாணிப் பட்டத்துடன் பாரிஸ் வாழ்வை முடித்தார். 1537இல் குருப்பட்டம் பெற்றார். 1540இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் யேசு சபையை அங்கீகரித்தார். 1556 யூலை 31இல் இஞ்ஞாசியார் இறந்தபோது சபையில் ஏறக்குறைய 1,000 பேர் இருந்தனர். கல்லூரிகள் முப்பதுக்கும் மேற்பட்டிருந்தன.

அவர் எழுதிய சபை ஒழுங்குகளிலே, படிக்கும் காலத்தில் நீண்ட செபத்துக்கும் கடுந்தவத்துக்கும் மாணவர் அதிக இடம் அளிக்க வேண்டியதில்லை எனக் காண்கிறோம். பட்டறிந்தவரின் அன்பு அது.

முதிர்ந்த வயதில் மீண்டும் வகுப்பறைக்குச் செல்லும் தந்தையரும், தம்பி தங்கையர் வயதினரோடு தொழில் பழகும் மூத்த பிள்ளைகளும் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்கள் இஞ்ஞாசியாரை நினைவிற் கொள்ளலாம். அவரது உறுதி பெருமையாயிற்று, ஆர்வம் அவசரமாயிற்று, பக்தியும் பாடத்துக்குத் தடையாயிற்று. நமது பலம் எதுவோ அதன் அருகிலேயே நமது இடறலும் கிடக்கிறது. அதனைக் கண்டறிந்து, தக்கவரிடம் வெட்கமின்றி எடுத்துரைத்து, அடிப்படையிலிருந்து மீண்டும் தொடங்கும் தாழ்மை உள்ளவருக்கு வயது தடையாகாது. அவ்வாறு படிப்பவர் வீட்டில் இருந்தால், அவருக்கு அமைதியான ஒரு மேசையையும் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கிக் கொடுப்பது குடும்பத்தவரின் கடமை.