மணிக் கம்பியைத் தேடிய சிறுவன்!

குட்டீஸ்... கம்ப்யூட்டரில் நீங்கள் படம் வரைகிறீர்கள். அதே நேரத்தில் பிரின்டர் தன்பாட்டுக்கு அச்சடித்துத் தள்ளுகிறது. அதைக் கவனித்துக் கொள்வது யார் தெரியுமா? திரையில் தலைகாட்டாமல், பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம். அதற்கு, 'டீமன்' என்று பெயர், அதாவது, பூதம்!

இந்தப் பெயருக்குக் காரணமானவர், கம்ப்யூட்டரையே பார்த்திராத விஞ்ஞானி, ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில், 1831 ஜூன் 13ல் பிறந்தார். மூன்று வயது நிரம்பும் முன்பே, வீட்டில் மணி அடித்தால் போதும். அதை இழுக்கும் கம்பி, சுவருக்குள் எங்கே ஓடுகிறது என்று தேடிக் கிளம்பி விடுவார். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை அறிவதில் அவ்வளவு ஆசை!

எட்டு வயதில் தாயை இழந்தார். பள்ளியில் சேர்ந்தபோது, அவரது கிராமத்து உடையையும், பேச்சையும் கண்டு, 'அசடு' என்று பட்டப்பெயர் வைத்தனர் மாணவர்கள். அந்த அசடு தான், 14 வயதில், ஊசியும் நூலும் கொண்டு முட்டை வடிவக் கோடுகள் வரையும் முறையைக் கண்டுபிடித்தது. சிறுவன் என்பதால், அவரது கட்டுரையை எடின்பரோ ராயல் சொசைட்டியில் ஒரு பேராசிரியர் வாசித்தார்.

ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று, 1865ல் வெளியான கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார் மேக்ஸ்வெல். நீராவி இயந்திரத்தின் வேகத்தைக் கண்காணித்து, கூடினால் குறைக்கும் கருவி எப்போது ஒழுங்காக வேலை செய்யும், எப்போது தடுமாறும் என்பதையும், 1868ல் விளக்கினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு வேடிக்கையான கற்பனை செய்தார். காற்று நிறைந்த பெட்டி, நடுவில் தடுப்பு, தடுப்பில் குட்டிக் கதவு. அங்கே காவல் நிற்கும் ஒரு நுண்ணிய உயிர், வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும், மெதுவானவற்றை மறுபக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்புகிறது. இதற்குத் தான், 'பூதம்' என்று பெயர் சூட்டினார் விஞ்ஞானி கெல்வின்.

மேக்ஸ்வெல், 1879ல், 48 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் சொன்ன மின்காந்த அலைகள் உண்மை தான் என்று, ஒன்பது ஆண்டுகளுக்குள் நிரூபித்தார், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ். அதைப் பார்க்க மேக்ஸ்வெல் இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.,யில், 1963ல், பின்னணியில் ஓயாமல் உழைக்கும் புரோகிராம்களுக்கு அந்தப் பூதத்தின் பெயரையே வைத்தனர்.

இன்று, 'பைதான்' மொழி கற்கும் நீங்களும், ஒரு வேலையைப் பின்னணியில் ஓட விட்டு, உங்கள் புரோகிராமில் வேறு வேலை பார்க்கலாம். ஆனால், ஓட விட்டதை மறந்து விடக்கூடாது. முடிந்ததா என்று அவ்வப்போது கேட்க வேண்டும். வெறுமையான பதில் வந்தால், இன்னும் ஓடுகிறது. பூஜ்யம் வந்தால், நல்லபடியாக முடிந்தது. வேறு எண் வந்தால், பெரும்பாலும் ஏதோ கோளாறு. கேட்காமல் விட்டால், வேலை பாதியில் நின்று போனது கூடத் தெரியாது!

மணிச் சத்தத்தோடு நின்று விடாமல், கம்பியையும் தேடிப் போன மேக்ஸ்வெல் போல, பின்னணியில் நடப்பதையும் எட்டிப் பாருங்கள் குட்டீஸ்!