மண்ணைப் பார்த்து உரம் போடச் சொன்ன மனிதர்



உரம் தூவுகிற கை நம்முடைய கை. எந்த உரம், எத்தனை கிலோ, எந்த மாதம் என்று தீர்மானிக்கிற இடத்தில் மட்டும் நாம் இருந்ததில்லை. மூட்டையைச் சுமந்தோம், மரத்தைச் சுற்றித் தூவினோம், பேர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஏன் போடுகிறோம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. பாடுபடுகிறவனுக்கும் மண்ணின் கணக்குத் தெரிய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்தவர்.

1864ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயியின் பண்ணையில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே கொள்ளைக் கூட்டம் ஒன்று தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளை திரும்பி வந்தது. தாய் மேரி வரவே இல்லை. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைக்கு இடமில்லை. சின்னப் பையன் நியோஷோ என்ற ஊருக்குப் போய்ப் படித்தான். பிறகு ஊர் ஊராக அலைந்து, சமையல் வேலை செய்து, துணி வெளுத்து வயிற்றைக் கழுவினான். கடிதத்தில் இடம் கொடுத்த ஒரு கல்லூரி, நேரில் போய் நின்றதும் தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. அந்த இளைஞன் ஒதுங்கிப் போகவில்லை. 1891இல் அயோவா விவசாயக் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பு மாணவர் அவர்தான். 1894இல் பட்டம், 1896இல் மேற்பட்டம். அயோவா என்றால் மக்காச்சோளச் சீமை. மண் கறுத்து, கொழுத்துக் கிடக்கும் பூமி.

அதே 1896இல் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததால் அலபாமா மாநிலத்து டஸ்கேகி பள்ளிக்கு வந்தார். அங்கே பார்த்த மண் வேறு. மேட்டு நிலமெல்லாம் மணல், சில இடங்களில் இறுகிய களி. மழை அரித்த பள்ளங்கள். வருடா வருடம் பருத்தி, பருத்தி, மறுபடியும் பருத்தி. வீட்டுச் சாப்பாட்டுக்கு மூலையில் கொஞ்சம் சோளம். இரண்டுமே மண்ணிலிருந்து எடுக்கிற பயிர்கள். தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிற பயிர்கள் அல்ல. சோளமோ தழைச்சத்துக்குப் பெரும் பசிக்காரப் பயிர்.

1897இல் டஸ்கேகியில் ஒரு சோதனைப் பண்ணை அமைந்தது. கார்வர் அங்கே கற்றுக் கொடுத்த பாடத்தின் சாரம் இதுதான்: உர மூட்டையை வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது என்ன மண்? போன முறை இங்கே என்ன பயிர் நின்றது?

முதல் கேள்வியைப் பாருங்க. மணல் நிலம் சத்தைப் பிடித்து வைக்காது. உரம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டினால், ஒரு பெரிய மழையில் தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். அங்கே சோளத்துக்குப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். களிமண் சத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் தண்ணீரையும் தேக்கும், வேரை இறுக்கும். அதற்கு முதலில் வேண்டியது மக்கு. காட்டுச் சருகு, சதுப்பு நிலத்துக் கறுப்பு மண், தொழுவத்து எரு ஆகியவற்றைக் குவித்து மக்க வைத்துப் போடுங்கள் என்றார் கார்வர். இதற்கெல்லாம் காசு வேண்டாம், உடம்பு உழைப்புப் போதும்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். சோளத்துக்குப் பின் சோளம் போட்டால் உரம் கூடுதலாகக் கேட்கும். தட்டைப்பயறு நின்ற நிலத்தில் சோளம் போட்டால் குறைவாகக் கேட்கும். ஏன்? பயறு இனத்தின் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கின்றன. அந்தப் பயிரை மடக்கி உழுதால் அது மண்ணுக்குச் சேர்கிறது. மறுநடவு செய்த ரப்பர்க் காட்டில் கொடி படர விடுகிறார்களே, அதுவும் இதே இனம், இதே வேலைதான். ஆனால் பயறு எல்லாச் சத்தையும் கொடுத்துவிடாது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்த மண்ணில் அவற்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பயிரே அதைக் காட்டிக் கொடுக்கும். சோளத்தின் அடி இலை நுனியிலிருந்து நடு நரம்போடு மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இளம் பயிர் ஊதா நிறம் அடித்தால் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு.

1905இல், ஓய்ந்துபோன மண்ணைத் தேற்றுவது எப்படி என்று ஒரு சிறு நூல் போட்டார். படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? 1906இல் நியூயார்க் செல்வர் மோரிஸ் ஜெசப் கொடுத்த பணத்தில் ஒரு வண்டி தயாரானது. கலப்பை, விதை, கருவிகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், வயலிலேயே பாடம் நடந்தது. பள்ளிக்கூடமே பாட்டாளியைத் தேடி வந்தது.

ஆனால் ஒன்றை மறக்காதீங்க. அந்த மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. விளைச்சலில் பங்கு கொடுத்து உழுத வாரக் குடிகள். விதையும் உரமும் கடைக்காரனிடம் கடன். கடனுக்கு ஈடு பருத்தி. ஆகவே பருத்தியைத்தான் போட வேண்டும் என்பது நிலக்காரன் கட்டளை. பயறு போட்டால் மண் தேறும் என்று தெரிந்தாலும், போடுவதற்கு உரிமை வேண்டாமா? பிறகு பருத்திக்காய் வண்டு வந்து அலபாமாவை அழித்தபோதுதான் மாற்றுப் பயிருக்குப் பல நிலக்காரர்களின் காது திறந்தது.

நிலக்கடலையால் கார்வரின் புகழ் பரவியது. 1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் கடலை பற்றிப் பேசினார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது மட்டும் சரியல்ல. 1943 ஜனவரி 5ஆம் தேதி டஸ்கேகியிலேயே காலமானார். சேர்த்த பணத்தை ஆராய்ச்சிக்கே விட்டுச் சென்றார்.

தோழர்களே, வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை சோளம் போடுகிறவர்கள் அடுத்த முறை அதே இடத்தில் பயறு போட்டுப் பாருங்க. உரச் செலவு குறையும். மண்ணை அறிவது ஒரு பாதி. அறிந்தபடி நடக்க உரிமை பெறுவது மறு பாதி. முதல் பாதியைக் கார்வர் வண்டியில் ஏற்றி வந்து கொடுத்தார். மறு பாதியை எந்த வண்டியும் கொண்டுவராது. நாம்தான் சேர்ந்து கேட்க வேண்டும்.