மூடுபனியில் பறந்த மன்மோகன் சிங்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஏலகிரி மலைப்பாதையில் மார்கழிக் காலையில் பேருந்தேறி வந்தவர்கள் அறிவார்கள். பனி மூடிவிட்டால் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஓட்டுநருக்கே புலப்படாது. தரைமேல் செல்லும் நமக்கே இப்படியென்றால், மேலே கருமேகமும் கீழே அலைகடலுமாகப் பறந்தவர்களின் நிலை என்ன? அவ்வாறு பறந்த இந்தியர் ஒருவரின் வரலாறு இது.

மன்மோகன் சிங் 1906இல் ராவல்பிண்டியில் பிறந்தார். இங்கிலாந்து சென்று பிரிஸ்டலில் பொறியியல் பயின்றார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றார்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஒரே மாதத்திற்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என ஆகாகான் அறிவித்தார். 1930இல் ‘மிஸ் இந்தியா’ எனப் பெயரிட்ட சிறு விமானத்தில் மன்மோகன் புறப்பட்டார். மோசமான வானிலை குறுக்கிட்டது. திரும்பினார், மீண்டும் புறப்பட்டார். இறுதியில் தாயகம் வந்து சேர்ந்தார். ஆனால் விதித்த ஒரு மாதம் கடந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பரிசு ஆஸ்பி இன்ஜினியர் என்னும் இளைஞருக்குச் சென்றது.

மன்மோகன் சோர்ந்துவிடவில்லை. பின்னர் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரை தனியாகப் பறந்து காட்டினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இந்திய விமானப்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார். அட்லாண்டிக் கடலைக் காத்த கடலோர விமானப் பிரிவில், சண்டர்லாந்து என்னும் பறக்கும் படகை ஓட்டும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சரக்குக் கப்பல்களை மூழ்கடித்த ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடித் தாக்குவதே அப்பிரிவின் தலையாய பணிகளுள் ஒன்று. ஒருமுறை எழும்பினால் பத்து மணி நேரத்திற்கும் மேல் கடல்மீதே பறக்க வேண்டும். மேகம் விமானத்தைப் பகைவர் கண்ணிலிருந்து மறைக்கும். பகைவரை விமானியின் கண்ணிலிருந்தும் மறைக்கும். மேகத்திற்குக் கீழே இறங்கினால்தான் கடல் தெரியும். நீர்மூழ்கி தென்பட்டாலோ, அது முங்குவதற்குள் அலைகளை உரசுவதுபோல் தாழப் பறந்து குண்டு வீச வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது துறைமுகத்தையே பனி மூடியிருப்பதும் உண்டு.

ஜப்பான் போரில் இறங்கியபின் மன்மோகன் கிழக்கே வந்து, கேட்டலினா வகைப் பறக்கும் படகை ஓட்டினார். ஜாவா வீழும் தறுவாயில் அங்கிருந்து தப்பிய விமானங்கள் பல ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் வந்து நின்றன. 1942 மார்ச் 3 காலை ஜப்பானிய ஜீரோ விமானங்கள் 9 அத்துறைமுகத்தைத் தாக்கின. பறக்கும் படகுகள் 15 அழிந்தன. அன்று மன்மோகனும் உயிர் நீத்தார். புயலும் பனியும் வீழ்த்தாத அவரைத் துறைமுகத்தில் வைத்துப் போர் வீழ்த்தியது.

அடுத்த மாதமே அப்போர் நம் கரையைத் தொட்டது. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினர். இன்று நம் அரக்கோணத்தில், 1992இல் தொடங்கிய ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கடலைக் கண்காணிக்கும் விமானங்கள் பறக்கின்றன. மன்மோகன் அன்று செய்த பணியின் தொடர்ச்சியே அது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியிலேயே ஆங்கிலம் கைவந்த நண்பர்களோடு ஓடும்போது, பின்தங்கிவிட்டோமோ என்ற கலக்கம் எனக்கு உண்டு. பரிசு தவறிய பின்பும் பறப்பதை விடாத மன்மோகனை நினைத்தால் அக்கலக்கம் குறைகிறது. காலம் கடந்து வந்தாலும், வந்து சேர்ந்தவன் வந்து சேர்ந்தவனே!